பழைய மோட்டாரும் ஏழைப் படமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இளைஞர் சார்பிலே சில வார்த்தை பேசவேண்டும் என்று செயலாளர் எங்களைப் பணித்தபோது, "ஒழுக்கம்", "கல்வியின் பயன்", "காலத்தின் அருமை" ஆகிய தலைப்புக்களே முதலில் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பேசுவதற்கு எங்களிலும் தகுதி வாய்ந்தோர் இச்சபையிலே பலர் இருக்கின்றனர். ஆகவே, நாங்கள் உண்மையிலே அறிந்த ஒரு விஷயத்தையே பேசத் துணிந்தோம். நாங்கள் நால்வர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலே பிறந்தவர்கள். மிஷனரிமார் தொடங்கிய பாடசாலைகளிலே படித்தவர்கள். இப்பொழுது பல்கலைக்கழக மாணவர்கள். எங்களுக்கு இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று பழைய மோட்டார்க் கார். மற்றொன்று பணமில்லாதவர்கள் எடுத்த வேடிக்கைப் படம். இவ்விரண்டினாலும் எங்கள் வீடுகளிலே நாங்கள் வாங்கிய வசை கொஞ்சமன்று. "துருப்பிடித்த தகரமும் உதவாக்கரைப் படமும் சோறு போடுமா?" என்பது எங்கள் தாய்மார் நாள்தோறும் கேட்கும் கேள்வி. அதற்கு இன்று விடை சொல்ல முயல்கின்றோம்.

முதலிலே மோட்டாரைப் பற்றிச் சொல்வோம். மொரிஸ் மைனர் என்னும் சிறு காரை இங்குள்ள பெரியோர் அனைவரும் அறிவர். 1948 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே இலண்டன் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதனை அமைத்தவர் அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர். வேலை யாவும் முடிந்து, உற்பத்தி தொடங்கும் தறுவாயிலே, "கார் ஒடுங்கலாக இருக்கிறதே" என்று அவர் மனம் ஒப்பவில்லை. உடனே மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகலப்படுத்தினார். அந்த நாலு அங்குலப் பட்டியை மைனரின் பொனட்டின் நடுவிலே இன்றும் காணலாம். முன்னமே செய்து வைத்திருந்த பம்பர்களையோ வீசிவிட மனமில்லை. அவற்றையும் நடுவிலே வெட்டி ஒட்டுப் போட்டனர். தோட்டத்திலே நம் தாய்மார் பழஞ்சட்டைக்குத் துண்டு வைத்துத் தைப்பது போன்ற வேலை!

அக்கம்பெனியின் அதிபராகிய நஃபீல்ட் பிரபு அந்தக் காரைக் கண்டு, உடைத்து அவித்த முட்டை போல் இருக்கிறது என்று இகழ்ந்தாராம். அப்படி இகழப்பட்ட வண்டிதான் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்போது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன. சிரித்தவர் சிரிக்க, வண்டி ஓடியது.

ஒஸ்டின் ஏ ஃபோர்ட்டியும் அப்படிப்பட்டதே. 1200 சீ.சீ. எஞ்சின், ஏறக்குறைய நாற்பது குதிரை வலு, அதுவே பெயரிலும் நின்றது. எஞ்சினிலே அமுக்கம் குறைவு; அதனால் எதைக் கொடுத்தாலும் ஒருவாறு ஜீரணித்துக் கொள்ளும். 1990 ஆம் ஆண்டின் பின் யுத்த காலத்திலே வடக்கிற்குப் பெட்ரோல் செல்வது தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்து ஏ ஃபோர்ட்டிகளும் மைனர்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்குக் கொடுத்து எஞ்சினை இயக்குவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டிலே ஆவியாகும், இதுவே அதன் இரகசியம். புகை கக்கினாலும், நோயாளியை ஆஸ்பத்திரியிலே கொண்டு சேர்த்தது. புத்தம் புதிய கார்கள் செய்ய முடியாத காரியத்தைக் கிழட்டுக் கார்கள் செய்தன.

இனிப் படங்களைப் பற்றிச் சொல்வோம். சேலத்திலே டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1930களிலே நிறுவிய மொடேர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்த ஸ்தாபனம். 1952 இல் அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து "த ஜங்கிள்" என்றொரு படம் எடுத்தார்கள். கதையிலே ஆதிகாலத்து மயிர் அடர்ந்த மம்மூத்துக்கள் வரவேண்டும். அவற்றுக்கு எங்கே போவது? நம் நாட்டு யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி நிறுத்தி விட்டார்கள்! ஜெய்சங்கர் நடித்து, கர்ணன் இயக்கிய "கங்கா" 1972 இல் வந்தது. அமெரிக்கக் குதிரை வீரரின் தொப்பியும் துப்பாக்கியும் தமிழ்நாட்டு வறண்ட குன்றுகளிலே வலம் வரும். தொப்பி அமெரிக்காவினுடையது, கோபமும் பாசமும் தமிழினுடையவை. இவற்றைப் பார்த்துச் சிரிக்காதவன் மனிதனல்லன். நாங்கள் விடுதியிலே நடுநிசி வரையும் சிரித்திருக்கின்றோம்.

அன்பர்களே, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எங்கள் பேச்சு. நாங்கள் ஒருநாள் சிரித்த சிரிப்பு எங்களுக்கே வெட்கமாக முடிந்தது. அதனை ஒளிக்காது சொல்கின்றோம்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலே ஒரு முதியவர் இருக்கின்றார். பெயர் வேண்டாம், எல்லோரும் அவரை டிரைவர் தாத்தா என்றே அழைப்பர். அவரிடம் ஓர் ஒஸ்டின் சொமர்செட் உண்டு. தோட்டத்துச் சின்னத்துரை ஒருவருக்காக வந்து, அவர் தம் தேசம் திரும்பியபோது பட்டணத்து முதலாளி ஒருவரிடம் கைமாறி, வாடகைக் காராகி, கடைசியிலே அதை ஓட்டியவருக்கே சொந்தமாகியது. ஸ்டியரிங் தண்டிலே கியர்க் கோல். திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து கை நீட்டும் சிறு சமிக்ஞைப் பலகை. பற்றரி இறங்கினால் முன்னே கோலை விட்டுச் சுழற்றலாம். ஞாயிறுதோறும் அவருடைய தகரக் கொட்டகையிலே நாங்கள் கையெல்லாம் கிறீஸாகக் கிடப்போம். அவர் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு, பாக்கு வெட்டிக்கொண்டே பாடம் நடத்துவார்.

அந்தக் காருக்குப் பழைய பதிவு இலக்கம். "சிலோன்" என்னும் ஆங்கிலப் பெயரில் உள்ள எழுத்துக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஈ.என்., ஈ.வை. என்றெல்லாம் அக்காலத்தில் கார்களுக்கு இலக்கம் கொடுத்தார்கள். தாத்தா அந்தத் தகட்டைத் துணியால் துடைத்தபடி ஒருமுறை சொன்னார்: "தம்பிகளா, இந்தக் கார் நெத்தியில நாட்டோட பேரு இருக்கு. இதைத் தொடைச்ச எனக்கு அந்தப் பேரு கெடைக்கல்ல." மொரிஸ் மைனர் பிறந்த அதே 1948 ஆம் ஆண்டிலேதான், குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. மிச்சமிருந்தோர்க்கும் வழி திறந்த சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது. காரைப் பதிய ஒரு நாள் போதும். மனிதனைப் பதிய ஐம்பத்தைந்து வருஷம் வேண்டியிருந்தது.

ஒரு மழை நாள். இரத்தினபுரி மழையை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வேலை ஓடவில்லை. எங்களில் ஒருவர் மடிக்கணினியைக் காரின் பொனட்டிலே வைத்து "கங்கா"வைப் போட்டார். தாத்தா எங்களைவிடப் பலமாகச் சிரித்தார். குதிரை பாயும் இடத்திலே கைதட்டினார். அந்த உற்சாகத்திலே நாங்கள் நம் நாட்டிலே எடுத்த தமிழ்ப் படங்களின் பட்டியலை வாசிக்கலானோம். 1962 இல் பதினாறு மில்லிமீற்றரிலே எடுத்த "சமுதாயம்". 1963 இல் "தோட்டக்காரி". 1966 இல் "டாக்ஸி டிரைவர்". 1975 இல் "புதிய காற்று". 1976 இல், வானொலியிலே புகழ்பெற்ற மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் திரைக்கு வந்த "கோமாளிகள்". ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கேலி சொன்னோம். "இந்தியப் படமே இப்படியென்றால், நம் ஆட்கள் எடுத்தது எப்படி இருந்திருக்கும்! தொழிற்சங்கத் தலைவர் கதாநாயகனாம்! லயத்திலே டூயட்டாம்!" என்று சொல்லிச் சிரித்தோம். அவற்றில் ஒன்றையேனும் நாங்கள் கண்டதில்லை என்பதை அப்பொழுது எண்ணவில்லை.

தாத்தா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். சற்று நேரம் மழையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"புதிய காத்து வந்தப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். முதலாளி இந்தக் கார் மேல லவுட்ஸ்பீக்கரைக் கட்டிவிட்டாரு. தோட்டந்தோட்டமாப் போயி நோட்டீஸ் போட்டது நானு. பின்னாடியே புள்ளைக ஓடியாருவாங்க. ராவுல இதே கார்ல பதினோரு பேரை ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போனோம். எங்க அக்கா குடும்பமும் வந்திச்சு. திரையில லயம் தெரிஞ்சிச்சு, தம்பி. கொழுந்துக் கூடை தெரிஞ்சிச்சு. நாங்க பேசுற பேச்சைத் திரையில இருக்கிறவன் பேசினான். அதுக்கு முந்தி நாங்க திரையில ராசாவைப் பாத்திருக்கோம், சாமியைப் பாத்திருக்கோம், எங்களைப் பாத்ததில்ல. நீங்க சிரிக்கலாம். அன்னைக்கு நாங்க யாரும் சிரிக்கல்ல. அடுத்த மாசம் அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போயிருச்சு. டேசனுக்கு ஏத்திக்கிட்டுப் போனதும் இதே காருதான். அக்காகூட நான் பாத்த கடைசிப் படம் அது."

இவ்வளவுதான் சொன்னார். பின்னர் எழுந்து போய், எங்களுக்குப் பிளேன்டீ போட்டுக் கொண்டு வந்தார். அந்தத் தேநீரைக் குடிக்க எங்களுக்குத் தொண்டை இடங்கொடுக்கவில்லை.

அன்றிரவு நாங்கள் விசாரித்து அறிந்தவை இவை. "புதிய காற்று" படத்தைத் தயாரித்து அதிலே நடித்தவர் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் அவர்கள். கதை வசனம் எழுதியவர் மலையகத்தின் பெரும் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அவர்கள். 2022 ஆம் ஆண்டிலே காலமானார். அக்காலம் எத்தகையது? 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்றும் தீர்மானமாகியிருந்தது. லயத்துக்கு லயம் குடும்பங்கள் பிரிந்துகொண்டிருந்தன. 1970களின் முற்பகுதியிலே தோட்டங்களிற் பட்டினி தாண்டவமாடியது. அத்தகைய காலத்திலே, பக்கத்து நாட்டிலிருந்து வரும் பெரும் படங்களோடு போட்டியிட்டு, கையிலிருந்த சொற்பப் பணத்தைக் கொண்டு, தோட்டத் தொழிலாளியின் கதையைப் படமாக்கினார்கள். அதன் குறைகளைப் பெருந்தன்மையோடு எண்ணும் உரிமை அன்று காசு கொடுத்துப் பார்த்தவர்க்கு உண்டு. பார்க்காமலே சிரித்த எங்களுக்கு இல்லை.

இன்று பார்க்கலாம் என்றாலோ அதுவும் எளிதன்று. 1983 ஜூலைக் கலவரத்திலே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்கள் பலவும் சாம்பலாயின. எங்கள் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலே 1977 இலும் 1981 இலும் நேர்ந்தவற்றை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. லயம் எரிந்தபோது பெட்டியிலிருந்த புகைப்படமும் எரிந்தது, பாட்டுப் புத்தகமும் எரிந்தது, நோட்டீசும் எரிந்தது. பெரும் படங்களுக்கு நூறு பிரதிகள் உண்டு. ஒன்று அழிந்தால் மற்றொன்று இருக்கும். ஏழைப் படத்திற்கு இரண்டொரு பிரதிகள்தாம். அவை போனால், பார்த்தவர்களின் ஞாபகமே பிரதி. பார்த்தவர்களும் போனால்?

சபையோரே, எங்கள் மாகாணத்திலே கித்துல்கலை என்னும் ஊர் உண்டு. "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" என்னும் ஆங்கிலப் படத்திற்காகக் களனி கங்கையின் குறுக்கே பெரும் மரப்பாலம் கட்டி, 1957 ஆம் ஆண்டிலே அதனை ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்படம் ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது. மிகச் சிறந்த படம். நாங்களும் விரும்பிப் பார்ப்போம். பாலத்தின் அடித்தளங்களைக் காணப் பிற தேசத்தவரும் இன்றளவும் வருகின்றனர். அந்த ஆற்றங்கரைக்கு அப்பாலுள்ள லயங்களின் கதையைச் சொன்ன படத்திற்கோ ஒரு கல்லும் மிஞ்சவில்லை. ஒன்றைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. எதனை நினைவில் வைப்பது என்பதை நாம் பணத்தைக் கொண்டே அளக்கப் பழகிவிட்டோமே என்பதுதான் எங்கள் கவலை.

இதைப் பற்றி எண்ணும்போது எங்களுக்கு இரண்டு கதைகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று பாடசாலையிலே கேட்டது. மற்றொன்று வீட்டிலே பாட்டி சொன்னது. தேவாலயத்திலே செல்வர்கள் பொன்னை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்க, ஏழை விதவை ஒருத்தி இரண்டு காசைப் போட்டாள். எல்லோரிலும் அவளே அதிகம் போட்டாள் என்று இயேசுநாதர் சொன்னாராம். பாட்டி சொன்ன கதை பூசலார் நாயனாருடையது. காஞ்சியிலே அரசன் கற்கோயில் எடுத்தான். திருநின்றவூரிலே கையிற் பொருளில்லாத பூசலார் மனத்திலே கோயில் எடுத்தார். இரண்டுக்கும் குடமுழுக்கு ஒரே நாளில் வந்தது. இறைவன் அரசனுடைய கனவிலே தோன்றி, "நாளை பூசலாரின் கோயிலிலே புகவிருக்கின்றோம், உன் விழாவை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்" என்றருளினார். இவ்விரு கதைகளையும் பரீட்சைக்காக நாங்கள் மனனஞ் செய்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் இரண்டு காசிலே எடுத்த படம் கண்முன்னே வந்தபோது, விதவையைப் பார்த்துச் சிரித்தவர்களின் வரிசையிலே போய் நின்றோம். படித்த படிப்பு அங்கே எங்களுக்கு உதவவில்லை. படிக்காத டிரைவர் தாத்தாவின் நாலு வார்த்தைதான் உதவியது.

அப்படியானால் இனிச் சிரிக்கவே கூடாதா? அப்படி நாங்கள் சொல்லவில்லை. தாத்தாவும் "கங்கா"வைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்தாம். சிரிப்பிலே இரண்டு வகை உண்டு. தன் சகோதரன் வேஷங்கட்டி மேடையிலே தடுக்கி விழும்போது சிரிக்கும் சிரிப்பு ஒன்று. அவன் எழுந்து ஆடவேண்டும் என்னும் ஆசை அதிலே இருக்கும். அயலான் கிழிந்த சட்டையோடு வரும்போது சிரிக்கும் சிரிப்பு மற்றொன்று. நான் அவனல்லன் என்னும் கர்வம் அதிலே இருக்கும். முதற் சிரிப்பிலே அன்பு உண்டு. மற்றதிலே பயம் உண்டு. நாங்களும் லயத்திலிருந்து வந்தவர்கள் என்பதைப் பல்கலைக்கழகத்திலே யாரும் கண்டுகொள்ளக் கூடாதே என்னும் பயந்தான் எங்களை அன்று அப்படிச் சிரிக்க வைத்தது. இதனை ஒப்புக்கொள்ள எங்களுக்குச் சில வாரங்கள் பிடித்தன.

பழைய காருக்கும் இதே நீதிதான். இரத்தினபுரியிலிருந்து ஒபநாயக்க வரையும் சென்ற குறுகிய ரயில் பாதை 1970களிலே மூடப்பட்ட பின், மலைத் தோட்டத்து நோயாளிக்கும் பிரசவ வேதனைப்பட்ட தாய்க்கும் இத்தகைய வாடகைக் கார்களே கதி. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய கார்களின் விலை ஏறியது. தரகர்கள் தாத்தாவின் கொட்டகைக்கும் வந்தார்கள். 2025 இலே புதிய கார்கள் மீண்டும் வரத் தொடங்கிய பின்பும் சிலர் வருகின்றனர். கதவை மட்டும் கேட்பவரும் உண்டு, கிறிலை மட்டும் கேட்பவரும் உண்டு. தாத்தாவின் விடை ஒன்றே: "அக்கா உக்காந்த சீட்டை எப்படிக் கழட்டிக் குடுக்கிறது?"

அந்தக் கார் 2022 ஆம் ஆண்டின் பெட்ரோல் தட்டுப்பாட்டிலே நிறுத்தப்பட்டு, அப்படியே நின்றுவிட்டது. பிஸ்டன் வளையங்கள் இறுகிப் போயிருந்தன. டைனமோ செத்துவிட்டது. பிறேக் குழாய்கள் இற்றுவிட்டன. நாங்கள் வளையங்களுக்கு எண்ணெய் விட்டு, நாட்கணக்காக ஊறவைத்து, கோலைக் கொண்டு சிறிது சிறிதாக அசைத்து எஞ்சினை விடுவித்தோம். டைனமோவை அவிசாவளையிலே சுற்றக் கொடுத்திருக்கின்றோம். வருகிற ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டவேண்டும் என்பது எங்கள் விரதம். கண்காட்சிக்கு வைக்கும் மினுக்கம் அதற்கு வராது. எங்களுக்கு அது வேண்டியதுமில்லை.

ஆகவே, இச்சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். பெரும் நிதி வேண்டாம், மண்டபம் வேண்டாம். நம் அங்கத்தவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் இவ்வாண்டு உட்கார்ந்து கேட்கட்டும். எந்தப் படம் பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள், யார் கூட வந்தார்கள், எந்த வண்டியிலே போனீர்கள், அந்த டிரைவரின் பெயர் என்ன என்று கேட்டு ஓர் அப்பியாசக் கொப்பியிலே எழுதட்டும். பழைய நோட்டீசோ பாட்டுப் புத்தகமோ டிக்கெட்டின் பாதியோ அகப்பட்டால் அதனை ஒட்டி வைக்கட்டும். அடுத்த ஆண்டு மலருக்கு அக்கொப்பிகளிலிருந்து பக்கங்களை எடுத்துப் பதிப்பிப்போம். நாங்கள் தொடங்கிவிட்டோம். டிரைவர் தாத்தா சொன்னபடி "புதிய காற்று" படத்தின் கதையைக் காட்சி காட்சியாக எழுதி வருகின்றோம். அவர் மறந்த இடங்களை வெற்றிடமாக விட்டிருக்கின்றோம். இச்சபையிலே அப்படத்தைப் பார்த்த பெரியோர் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வாருங்கள். அந்த வெற்றிடங்களை நிரப்பித் தாருங்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்போம்.

எங்கள் தாய்மார் கேட்ட கேள்விக்கும் விடை சொல்லிவிடுகின்றோம். அம்மா, பழைய மோட்டாரும் ஏழைப் படமும் சோறு போடா. ஆனால் சோற்றுக்காகத் தோட்டத்தை விட்டுப் போகும் நாங்கள், எங்கிருந்து போனோம் என்பதை மறவாதிருக்க அவை உதவும்.